கச்சான் காலத்தில் வீட்டைப் பூட்டும்போது சாடி மரங்களுக்குத் தண்ணீர்: எந்த வழி, எத்தனை நாளுக்கு?

மே பிறந்துவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. காலையில் நன்றாக நனைத்த சாடியைப் பின்னேரம் தூக்கிப் பார்த்தால் கை இலேசாக எழும்பும். வீட்டைப் பூட்டிப் போகவேண்டி வருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். உகந்தை வழியாகக் கதிர்காமம் நடக்கிறவர்கள், பள்ளி விடுமுறைக்குக் கொழும்பு போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள், ஹஜ்ஜுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் திரும்பாதவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே கவலை: சாடியில் நிற்கிற தேசியும் ஒட்டுமாவும் கறிவேப்பிலையும் என்னாகும்?

நிலத்தில் நிற்கிற மரம் வேரை ஆழத்துக்கு விட்டு ஈரத்தைத் தேடிக்கொள்ளும். சாடி மரத்துக்கு அந்தச் சாடிக்குள் இருக்கிற மண்ணைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. குறித்த நேரத்துக்குத் தண்ணீரைத் திறந்து மூடுகிற டைமர் வாங்குவதா, நோயாளிக்குச் சேலைன் ஏற்றுகிற குழாயான சேலைன் செட் போதுமா, பரலில் பம்பு போடுவதா, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் திறப்பைக் கொடுப்பதா என்று தடுமாறுகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு. இவற்றில் எந்த வழியும் சில நாளுக்கு வேலை செய்யும். அது நின்றுபோகிற நாளில் என்ன நடக்கும், அதை எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு மனிதக் கண் காணும் என்பதை வைத்தே தெரிவு செய்யவேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, ஒரு சாடி ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் குடிக்கிறது என்ற கணக்கு. இதை ஊகிக்காமல் நிறுத்துப் பார்ப்பது நல்லது. அடிவழியே தண்ணீர் வடியும்வரை சாடியை நனைத்து, ஒரு மணித்தியாலம் வடியவிட்டு, குளியலறைத் தராசில் ஏற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி ஏற்றுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர். தூக்க முடியாத சாடிக்கு இலைவிரிவின் குறுக்களவை எடுங்கள். வரண்ட காலத்தில் நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக் கணித்தால், 45 செ.மீ. விரிவுக்கு ஒரு லீற்றர், 60 செ.மீ. விரிவுக்கு 1.7 லீற்றர், 80 செ.மீ. விரிவுக்கு 3 லீற்றர் வரும். கச்சான் நேரே அடிக்கிற மொட்டைமாடியில் இதைவிடக் கூடும். பூச்சு இல்லாத மண்சாடி பக்கவாட்டாலும் ஈரத்தை இழக்கும்.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். நான்கு பெரிய சாடிகளுக்கு 3 லீற்றர்ப்படி 12, ஐந்து நடுத்தரச் சாடிகளுக்கு 2 லீற்றர்ப்படி 10, மூன்று சிறியவற்றுக்கு ஒரு லீற்றர்ப்படி 3. மொத்தம் நாளுக்கு 25 லீற்றர். இரண்டு கிழமைக்கு 350 லீற்றர். கால்பங்கு மேலதிகம் சேர்த்தால் 440 லீற்றர் கையிருப்பு வேண்டும். நாலு வாளியும் பத்துப் போத்தலும் இந்தக் கணக்கின் பக்கத்திலும் வராது.

அடுத்தது தண்ணீரின் குணம். காத்தான்குடி, கல்லடி முதல் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரை கரையோர மணல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில் வரண்ட மாதங்களில் உவர் ஏறும். தேசியும் தோடையும் உப்பைத் தாங்காதவை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கிற டீடீஎஸ் மீற்றரில் 700க்கு மேல் காட்டுகிற தண்ணீரை இவற்றுக்குக் கொஞ்சங் கொஞ்சமாகச் சொட்டவிட்டால், தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் மண்ணில் தங்கும். இலைநுனி கருகுவதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து மேலும் அதே தண்ணீரை விடுவது வழமையாக நடக்கிற பிழை. அப்படிப்பட்ட கிணறு உள்ளவர்கள் வோட்டர் போட் (நீர் வழங்கல் சபை) தண்ணீரையோ மழைநீரையோ தாங்கியில் நிரப்பிவிட்டுப் போகவேண்டும்.

மின்சாரம் மூன்றாவது. வீடு பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகிற வழக்கம் உள்ளவர்களுக்கு, பம்பை நம்புகிற எந்த வழியும் சரிவராது.

நுளம்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். இரண்டு கிழமை மூடாமல் கிடக்கிற பரலோ தட்டோ ஒரு தலைமுறை நுளம்பை அயலுக்குள் விட்டுவிடும். ஆளில்லாத வீட்டின் வளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வந்து குடம்பி கண்டால், பதில் சொல்லவேண்டியது வீட்டுக்காரர்தான்.

## கருவிக்கு முன்னால்: தேவையைக் குறையுங்கள்

எல்லாச் சாடிகளையும் வீட்டின் கிழக்குப் பக்கம், மேற்குக் காற்று சுவரில் முட்டி நிற்கிற இடத்தில், மரநிழலில் நெருக்கி வையுங்கள். பெரியவை நடுவில், சிறியவை சுற்றி. மண்ணின்மேல் இரண்டு அங்குலத் தடிப்பில் பொச்சு மட்டைத் துண்டுகளைப் பரப்புங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக் சாடிகளைச் சாக்கால் சுற்றுங்கள். பிஞ்சுகளைக் கிள்ளிவிடலாம். போவதற்கு முந்திய இரண்டு கிழமையில் உரம் வேண்டாம். இளந்தளிர் விட்டால் குடிக்கிற தண்ணீரும் கூடும். இடம் மாற்றிய பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள், கணக்கு இறங்கியிருக்கும்.

எல்லா மரத்துக்கும் ஏற்பாடு தேவையில்லை என்பதும் இங்கே சொல்லவேண்டும். அடினியம் இரண்டு மூன்று கிழமை தண்ணீரில்லாமல் நிற்கும், அதற்குச் சொட்டவிட்டால்தான் அடி அழுகும். நிழலுக்கு மாற்றிய கடதாசிப்பூவும் சில நாள் பொறுக்கும். தேசி, கறிவேப்பிலை, செவ்வரத்தை, ஒட்டுமா, கொய்யா ஆகியவற்றுக்குத்தான் ஒழுங்கு வேண்டும்.

## உயரத் தாங்கி, டைமர், சொட்டுக் குழாய்

பத்துக்கு மேற்பட்ட சாடிகள், பத்து நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பணத்தைக் கொட்டி வாங்கிய பிறகு வேலை செய்யவில்லை என்று மூலையில் கிடப்பதும் பெரும்பாலும் இதுதான். காரணம் அழுத்தம்.

பைப்பில் பூட்டுகிற பற்றரி டைமர்கள் இரண்டு வகை. சொலனொயிட் (மின்காந்த) வால்வு உள்ளது திறக்கவும் மூடவும் அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவு அழுத்தமாவது கேட்கும். பந்து வால்வு உள்ளது சிறு மோட்டரால் திருகப்படுவதால் அழுத்தமே இல்லாவிட்டாலும் திறந்து மூடும். ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் தருவது 0.1 பார் மட்டுமே. வீட்டுக் கூரைமேல் 3 மீற்றர் உயரத்தில் நிற்கிற 1000 லீற்றர் தாங்கி தரக்கூடியது 0.3 பார். அதில் சொலனொயிட் டைமரைப் பூட்டினால் ஒன்றில் திறக்காது, இல்லையேல் மூடாமல் கசியும். பெட்டியில் குறைந்த அழுத்தம் 0 பார் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழாய் நுனியில் சொட்டுச் சொட்டாக விடுகிற டிரிப்பர்களில், அழுத்தத்தைத் தானே சமன் செய்கிற வகையும் இங்கே உதவாது, அதற்கும் அரை பாருக்கு மேல் வேண்டும். சாதாரண டிரிப்பர் போதும்.

சாமான்: தாங்கியிலிருந்து வரும் பைப்பில் முதலில் நுண்ணிய வலையுள்ள 120 மெஷ் வடிகட்டி, அதன்பின் டைமர், பின்னர் 16 மில்லிமீற்றர் கறுப்புக் குழாய், அதிலிருந்து ஒவ்வொரு சாடிக்கும் மெல்லிய கிளைக்குழாய், நுனியில் டிரிப்பர், குழாயைப் பிடிக்கக் குச்சி. உள்ளே தெரிகிற வெள்ளைக் குழாய் வேண்டாம், பாசி பிடிக்கும்.

கணக்கு இப்படி வரும். மணிக்கு 2 லீற்றர் என்று அச்சிட்ட டிரிப்பர் அந்த அளவைத் தருவது ஒரு பார் அழுத்தத்தில். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு குறைவதால், 3 மீற்றர் தாங்கியில் அது தருவது மணிக்கு ஏறத்தாழ 1.1 லீற்றர். ஆகவே மேலே சொன்ன வீட்டில் 3 லீற்றர் சாடிக்கு மூன்று டிரிப்பர், 2 லீற்றர் சாடிக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்று 25 டிரிப்பர் போட்டு, நாளொன்றுக்கு 55 நிமிடம் திறந்தால் எல்லாச் சாடிக்கும் அதனதன் பங்கு கிடைக்கும். அந்த 55 நிமிடத்தை விடிய ஐந்தரைக்கு ஒரு பாதியும் பின்னேரம் ஆறுக்கு ஒரு பாதியுமாகப் பிரியுங்கள். மத்தியானத்தில் திறந்தால் கறுப்புக் குழாயில் கொதித்த தண்ணீர் வேரில் விழும். ஒரே மூச்சில் விட்டால் தும்புத்தூள் கலந்த மண் வழியே பாதி தண்ணீர் அடியால் ஓடிவிடும்.

பொருத்தியதும் சோதியுங்கள். வரிசையின் முதல், நடு, கடைசி டிரிப்பர்களின் கீழ் கோப்பை வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 180 மில்லிலீற்றர் அளவில் விழவேண்டும். உயரத்தில் வைத்த சாடிக்குக் குறையும்: ஒரு மீற்றர் மேலே இருந்தால் ஓட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். டைமர் மூடிய பிறகு குழாயில் மிஞ்சிய தண்ணீர் முழுவதும் மிகத் தாழ்ந்த சாடியில் வடியும், அந்த இடத்தில் தேசியை வைக்காதீர்கள்.

மறைந்திருக்கிற செலவுகளைப் பார்ப்போம். பற்றரி தீர்ந்தால் சில டைமர்கள் திறந்தபடி நின்றுவிடும், வேறு சில மூடியபடி. புறப்படுவதற்கு முதல்நாள் புதிய அல்கலைன் பற்றரி போடவேண்டும். அணிலும் எலியும் மெல்லிய குழாயைக் கடிக்கும். வளவுக்குள் மாடு, ஆடு நுழைந்தால் டிரிப்பர் வரிசையே இழுபட்டுப் போகும். இரும்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீர் வடிகட்டியில் செம்மஞ்சள் சேறாகப் படியும், அதைக் கழுவ ஆள் வேண்டும்.

ஒரு முக்கியமான பாதுகாப்பு: தாங்கியை முழுக்க நிரப்பியபின், அதற்கு வருகிற பிரதான வால்வைப் பூட்டுங்கள், கிணற்று மோட்டரையும் நிறுத்துங்கள். தாங்கியின் மிதவை திறந்தபடி விட்டால், கழன்ற ஒரு குழாய் வழியே வோட்டர் போட் தண்ணீர் இரண்டு கிழமையும் ஓடும், அல்லது மோட்டர் ஓடி ஓடி எரியும். வால்வைப் பூட்டினால் ஆகக்கூடிய நட்டம் 1000 லீற்றர் மட்டுமே. நாளுக்கு 25 லீற்றர் வீட்டுக்கு அந்தத் தாங்கி 40 நாளுக்குப் போதும். டைமரை நேரே வோட்டர் போட் குழாயில் பூட்டுவது எளிது போலத் தோன்றும். விநியோகம் நிற்கிற வேளையில் டைமர் திறந்தால் காற்றுத்தான் வரும், மரம் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கும்.

## பரல், பம்பு, டைமர்

உயரத் தாங்கி இல்லாத வீட்டுக்கு, வாடகை வீட்டு விறாந்தைக்கு இது. மூடியுள்ள 200 லீற்றர் பரலுக்குள் சிறு அமிழ்வுப் பம்பு, சுவரில் டைமர், டிரிப்பர் வரிசை. நாளுக்கு 25 லீற்றர் என்றால் எட்டு நாள். சூரியத் தகட்டோடு சிறு பெட்டியாக வருகிற வகை பத்துப் பன்னிரண்டு சிறு சாடிக்கு உதவும், பெரிய மரத்துக்கு அதன் வேகம் காணாது.

இரண்டு பிழை இதில் அடிக்கடி நடக்கும். பரலின் நீர்மட்டம் சாடியைவிட உயரத்தில் இருந்தால், பம்பு நின்ற பிறகும் தண்ணீர் தானாக இழுபட்டு வந்துகொண்டேயிருக்கும். ஒரே இரவில் பரல் காலியாகி, மறுநாளிலிருந்து பம்பு வெறுமையாக ஓடிச் சுட்டுப்போகும். பரலைச் சாடிகளைவிடத் தாழ்த்தி வையுங்கள். முடியாவிட்டால் குழாயின் மிக உயர்ந்த இடத்தில், பரல் வாயின் உட்பக்கமாக, ஊசித்துளை ஒன்று போடுங்கள். பம்பு நின்றதும் காற்றுப் புகுந்து இழுவையை அறுத்துவிடும், கசிகிற துளியும் பரலுக்குள்ளேயே விழும்.

மற்றது மின்வெட்டு. சுற்றுகிற சக்கரம் உள்ள டைமர் மின்சாரம் நின்றால் தானும் நிற்கும். மூன்று மணித்தியாலம் வெட்டினால், விடியற்காலைத் தண்ணீர் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் பிந்தும். உள்ளே பற்றரி உள்ள இலக்க டைமர் நேரத்தைக் காக்கும்.

## கேனும் சேலைன் செட்டும்

நான்கைந்து மரங்கள் மட்டும், பத்துப் பன்னிரண்டு நாள் பயணம் என்றால், செலவுக்கும் பலனுக்கும் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பாமசியில் புதிய செட் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் பாவித்ததை ஒருபோதும் எடுக்கவேண்டாம்.

பையில் 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று அச்சிட்டிருக்கும் வகையை எடுத்தால், நிமிடத்துக்கு 20 சொட்டு என்பது நாளுக்கு 1.44 லீற்றர். 20 லீற்றர் கேன் ஒன்று ஒரு நடுத்தர மரத்துக்கு ஏறத்தாழ பதினான்கு நாள் வரும். 3 லீற்றர் குடிக்கிற மரத்துக்கு இரண்டு கேன், இரண்டு செட்.

கேனில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் மெலியும், நாலாம் நாளிலேயே பாதி வேகத்துக்கு வந்துவிடலாம் என்பதுதான் இதன் குறை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. கேனை மண்மட்டத்துக்கு ஓரடி உயரத்தில், நிழலில், ஆடாத கல்லின்மேல் வையுங்கள். மூடியில் இரண்டு துளை. ஒன்றில் சேலைன் குழாய், அடித்தளத்தைத் தொடும்வரை. மற்றதில் மெல்லிய காற்றுக்குழாய், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி. இரண்டு துளையையும் சுற்றிக் காற்றுப் புகாமல் சிலிக்கன் பூசுங்கள். குழாயை ஒருமுறை உறிஞ்சித் தண்ணீரை இழுத்துவிட்டால், வெளியேறுகிற தண்ணீருக்கு ஈடான காற்று அந்தக் காற்றுக்குழாயின் அடிநுனியால் மட்டுமே குமிழியாகப் புகும். கேன் நிறைந்திருந்தாலும் முக்கால்வாசி காலியானாலும் அந்த நுனியின் உயரம் மாறாததால் சொட்டின் வேகமும் மாறாது. வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளிவிடும். அதனால்தான் நிழல்.

சேலைன் குழாயிலுள்ள சில்லை மூடுவதும் திறப்பதுமாகச் சொட்டை எண்ணிச் சரிசெய்து, மறுநாள் மறுபடி எண்ணுங்கள். புதிய குழாய் முதல்நாள் நெகிழ்ந்து வேகம் மாறும். தண்ணீரை மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள், சொட்டுக் குடுவையைக் கறுப்புப் பிளாஸ்ரிக்கால் மறையுங்கள். பாசியும் சளிபோன்ற படிவும்தான் இதை அடைப்பவை. நுனியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டாவிட்டால், காகம் இழுத்து வெளியே போட்டுவிடும்.

## திரி, தட்டு, போத்தல்

திரி சிறு சாடிக்கு நல்லது, மரத்துக்குப் போதாது. ஒரு திரி நாளொன்றுக்கு இழுப்பது சில நூறு மில்லிலீற்றர்தான். நீர்மட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஆறு அங்குலத்துக்கு மேல் போனால் அதுவும் மெலியும். பருத்தித் துணி அழுகும், நைலோன் அல்லது பொலியெஸ்டர் கயிறு நிற்கும். எட்டங்குலச் சாடிக் கறிவேப்பிலைக் கன்றுக்கு இரண்டு திரியும் மூடிய வாளியும் ஒரு கிழமைக்குப் போதும். நீர்மட்டம் மண்ணைவிட உயர்ந்தால் திரி இழுப்பதை விட்டு ஒழுகத் தொடங்கும்.

அடித்தட்டில் தண்ணீர் நிறுத்திவிட்டுப் போவது தேசிக்கும் மாதுளைக்கும் வேரழுகல். பாம் வகைகளில் சில பொறுக்கும். செய்தே ஆகவேண்டுமானால் தட்டை விளிம்புவரை பெருமணலால் நிரப்பி, நீர்மட்டம் மணலுக்குக் கீழே இருக்கும்படி ஊற்றுங்கள். நுளம்புக்கு முட்டையிட இடம் கிடைக்காது.

கவிழ்த்துக் குத்திய ஒன்றரை லீற்றர் போத்தல் மணற்பாங்கான கலவையில் சில மணித்தியாலத்தில் காலி. சனி, ஞாயிறு பயணத்துக்கு மட்டும்.

## மண்முட்டி

பூச்சில்லாத சிறு முட்டியைச் சாடி மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்து நிரப்பினால், மண் காய்ந்தால் கூடவும் ஈரமாயிருந்தால் குறையவும் கசியும். தேவையைத் தானே அறிந்து கொடுக்கிற வழி இது. டைமருக்குக் கூட இந்த அறிவு கிடையாது.

ஆனால் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்த சாடியில் வேருக்கு இடம் இராது. முட்டியை மரம் நடும்போதே வைக்கவேண்டும். பயணத்துக்கு முதற்கிழமை தோண்டினால் வேர் அறுந்து, தண்ணீர்த் தேவை உச்சத்தில் இருக்கிற நேரத்தில் மரம் நோயாகும். இரண்டு லீற்றர் முட்டி இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்பதால் நிரப்ப ஆள் வேண்டும். உவர்த் தண்ணீரில் நுண்துளைகள் அடைபடும்; எடுக்கமுடிந்தால் வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். வாயை மூடியே வைக்கவேண்டும். வீட்டில் இல்லாத நாளைவிட, கிழமையில் மூன்று நாள் மறந்துபோகிறவர்களுக்கு இது மிகவும் உகந்தது.

## ஆள்

அயலில் நம்பிக்கையான ஒருவர் இருக்கிறார் என்றால், அவரை ஊற்றச் சொல்வதா பார்க்கச் சொல்வதா என்று யோசியுங்கள். நாளாந்தம் பன்னிரண்டு சாடிக்கு ஊற்றுவது அரை மணித்தியால வேலை. முதல் நாலு நாள் நடக்கும், பின்னர் ஒருநாள் தவறும், அடுத்தநாள் ஈடுகட்ட இரட்டிப்பாக ஊற்றப்படும். தேசிக்கு அந்த இரட்டிப்பும் கூடாது. திறப்புக் கொடுப்பது, நாய்க்குப் பயம், திரும்பிவரும்போது அன்பளிப்பு என்று இதிலும் செலவு இருக்கிறது. அதே ஆள் நாலு நாளுக்கு ஒருமுறை வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போவது யாருக்கும் பாரமில்லை.

ஊற்றத்தான் வேண்டுமென்றால், ஒரு லீற்றர் மட்டத்தில் கோடு போட்ட பேணி ஒன்றைப் பைப்பில் கட்டிவிடுங்கள். சாடியில் சிவப்புப் பொட்டு எத்தனையோ அத்தனை பேணி. பக்கத்தில் ஒரு துண்டு:

*தம்பி, சிவப்புப் பொட்டு எண்ணி அவ்வளவு பேணி மட்டும் ஊத்துங்க. மண்ணுக்குள்ள விரலை விட்டா ஈரம் இருந்தா அன்றைக்கு விடுங்க. வடிகட்டி சேறா இருந்தா கழுவுங்க. பைப் சொட்டாட்டி உடனே வட்ஸ்அப் போடுங்க.*

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எத்தனை சாடிக்கு | ஆள் பாராமல் எத்தனை நாள் | வெளியே தெரியாத செலவு | பழுதானால் |
|---|---|---|---|---|
| தாங்கி, டைமர், சொட்டு | 10க்கு மேல் | 14 | வடிகட்டி, பற்றரி, எலி | எல்லாச் சாடியும் ஒன்றாகக் காயும் |
| பரல், பம்பு | 5 முதல் 12 | 7 | மின்வெட்டு, பம்பு எரிதல் | பரல் காலி, சாடி வெள்ளம் |
| கேன், சேலைன் செட் | 1 முதல் 5 | 10 | சொட்டைச் சரிசெய்கிற இரண்டு நாள் | ஒரு மரம் மட்டும் |
| திரி | சிறு சாடி | 5 முதல் 7 | உப்புப் படிதல் | மெதுவாகக் காயும் |
| மண்முட்டி | பெரிய சாடி | 2 முதல் 3 | வேருக்கான இடம் | மெதுவாகக் காயும் |
| ஆள் | எத்தனையும் | பொருந்தாது | திறப்பு, கடமைப்பாடு | ஒருநாள் தவறினால் மறுநாள் சரியாகும் |

கடைசி நிரலை இரண்டுமுறை பாருங்கள். டைமர் வழி வசதியில் முதலிடம், பழுதில் மிகக் கொடியது: பெறுமதியான ஒட்டுமாவும் சாதாரணச் செவ்வரத்தையும் ஒரே நாளில் காயத் தொடங்கும். அதனால், இழக்கவே முடியாத ஒன்றிரண்டு மரத்துக்கு டைமர் குழாயோடு தனியாக ஒரு சேலைன் கேனையும் வைப்பது நியாயமான காப்பு. அந்தச் சாடிக்கு டிரிப்பரில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

மூன்று நாள் வரை என்றால் நிழலுக்கு மாற்றி, பொச்சு பரப்பி, அடிவழியே வடியும்வரை இரண்டுமுறை நனைத்துவிட்டுப் போங்கள். இலைவிரிவு மிகப் பெரிய மரத்துக்கு மட்டும் ஒரு கேன். வேறொன்றும் வாங்கவேண்டாம்.

ஒரு கிழமை கதிர்காமம், நாலைந்து மரம் என்றால் சேலைன் கேன். பத்துச் சாடிக்கு மேல் என்றால் தாங்கியும் பந்து வால்வு டைமரும். தாங்கி இல்லாமல், மின்சாரத்தை விட்டுவிட்டுப் போகக்கூடிய வீட்டில் பரலும் பம்பும். நாலாம் நாள் ஓர் ஆள் பரலைப் பார்க்கட்டும்.

இரண்டு கிழமைக்கு மேல், ஹஜ் அல்லது வெளிநாடு என்றால் கருவி மட்டும் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். டைமரும் கிழமைக்கு இரண்டுமுறை வந்து பார்க்கிற ஓர் அயலவரும் சேர்ந்துதான் வழி. அந்த அளவுக்கு யாரும் இல்லையென்றால், பெறுமதியான சாடிகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஏற்றிவிடுங்கள். ஒரு முச்சக்கர வண்டிக் கூலி பத்து வருட ஒட்டுமாவைவிடப் பெரிதல்ல.

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. சாடியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்து, அடித்தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து, சாடிகளைச் செங்கல்லின்மேல் ஏற்றிவிட்டுப் போங்கள். கூரையின் கீழே மழை படாமல் நிற்கிற சாடிகளை வெளியே எடுங்கள்.

எந்த வழியானாலும், புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னால் பொருத்தி, நாலு நாள் கைவைக்காமல் ஓடவிடுங்கள். வீட்டில் இருந்துகொண்டே இல்லாதவர்போல நடந்துகொள்ளவேண்டும். வாடுகிறதே என்று ஒரு வாளி ஊற்றினால் சோதனை கெட்டது. நாலாம் நாள் சாடியை நிறுத்துப் பார்த்து, முதல்நாள் எடையோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் டைமரில் நிமிடத்தைக் கூட்டுங்கள், கூடியிருந்தால் குறையுங்கள். புறப்படுகிற அன்று நல்ல தண்ணீரால் ஒவ்வொரு சாடியையும் அடிவழியே தாராளமாக ஓடும்வரை அலசிவிட்டால், தங்கியிருந்த உப்பும் போகும்.

திரும்பிவரும்போது ஒரு மரம் வாடி நின்றால், காய்ந்து சுருங்கிய மண்ணில் மேலால் ஊற்றுவது பயனற்றது. மண்ணுக்கும் சாடிச் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பால் தண்ணீர் ஓடி அடியால் போய்விடும். சாடியைப் பெரிய பேசினில் இறக்கி, சாடியின் பாதி உயரம்வரை தண்ணீர் விட்டு, குமிழி நிற்கும்வரை அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். பிறகு எடுத்து வடியவிட்டு நிழலில் வையுங்கள். காய்ந்த இலையை உடனே கிள்ளவேண்டாம், உரமும் போடவேண்டாம். இரண்டு மூன்று கிழமையில் கொப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருக்கிற இடம்வரை மரம் உயிரோடு இருக்கிறது, அதற்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டுங்கள்.